ரெயில் வண்டியில் கேட்ட மறுமொழி

ஜனங்களின் நிலைமையை அறிந்துகொள்ளச் சர்க்காரிடம் எத்தனையோ சாதனங்கள் இருக்கின்றன. கணக்கெடுப்புகள் நடக்கின்றன, விசாரணைக் கமிட்டிகள் கூடிக் கலைகின்றன, பார்லிமெண்டில் கேள்வி நேரம் ஒன்று தவறாமல் வருகிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், முன்பின் அறியாத இருவர் ஒரே பலகையில் தோள் இடிபட உட்கார்ந்து, ஊர் எது, தொழில் என்ன, போவது எங்கே என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும்பொழுது வெளிப்படும் உண்மை வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம். இதற்கு நமது தேசிய சரித்திரத்திலேயே, அதிலும் தமிழ்நாட்டு மண்ணிலேயே, மறுக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. அதனை நேயர்களுக்கு நினைவூட்டிவிட்டு, இன்று அதிகாரத்தில் இருப்போரிடம் ஒரு கோரிக்கையை வைக்க விரும்புகிறோம்.

1921-ஆம் வருஷம் ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. ஜூலை மாதக் கடைசியில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் அந்நியத் துணி பகிஷ்காரத்தைப் பூர்த்தி செய்துவிட வேண்டுமென்று தீர்மானித்தது. அம்மாதம் 31-ஆம் தேதி பரேலில், மகாத்மா காந்தியின் முன்னிலையில், அந்நியத் துணிகள் மலைபோலக் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. பின்னர் மகாத்மா தென்னாட்டை நோக்கிப் பிரயாணமானார். வழியில், செப்டம்பர் 14-ஆம் தேதியன்று, உடன் வந்துகொண்டிருந்த மௌலானா முகமது அலியை வால்டேரில் போலீஸார் கைது செய்தனர். தேசமெங்கும் கொதிப்பு. அந்தக் கொதிப்பு ஆறுவதற்கு முன்பே மகாத்மா சென்னைக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கு ரெயிலேறினார்.

அவர் ஏறிய பெட்டியில் கூட்டம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் தேசத்தில் நடந்துகொண்டிருந்ததற்கும் யாதொரு சம்பந்தமும் இருந்ததாகத் தோன்றவில்லை. மௌலானாவின் கைது அவர்கள் மனத்தை அசைக்கவில்லை. அநேகமாக எல்லோருமே அந்நியத் துணிகளை அலங்காரமாக உடுத்தியிருந்தார்கள். இவ்விவரத்தை எழுதிவைத்தவர் மகாத்மாவேதான். கதையாகக் கட்டிச் சொல்லப்பட்டதன்று. அவர் அவர்களில் சிலரோடு பேச்சுக் கொடுத்தார். கதர் உடுத்துமாறு வேண்டினார். அவர்கள் தலையை அசைத்துவிட்டுச் சொன்ன மறுமொழி, தாங்கள் ஏழைகள், கதரோ விலை அதிகம், தங்களால் வாங்க இயலாது என்பதே.

இந்த மறுமொழியை அக்காலத்துப் பிரசாரகர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். சாமர்த்தியசாலியான பிரசங்கி ஒருவர் அங்கே இருந்திருந்தால், “சீமைத் துணியில் சட்டை தைத்துக்கொள்ளப் பணம் இருக்கிறது, கதர் வாங்குவதற்குத்தான் பணம் இல்லையாக்கும்!” என்று ஒரே வார்த்தையில் மடக்கியிருப்பார். கேட்டவர்கள் வாயடைத்துப்போயிருப்பார்கள். வாதத்தில் ஜயமும் கிட்டியிருக்கும். வண்டி திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கியும் போயிருப்பார்கள்.

மகாத்மா மடக்கவில்லை. அம்மறுமொழியில் சாக்குப்போக்கும் கலந்திருந்தது என்பதை அறியாதவரல்லர் அவர். எனினும் அதன் அடியில் ஓர் உண்மை கிடப்பதை அவர் கண்டார். கையால் நூற்று, கையால் நெய்த துணி ஆலைத் துணியைவிட விலை உயர்ந்திருந்தது மெய்யே. ராட்டினத்தில் ஒருவர் நாள் முழுதும் இருந்து இழைக்கும் நூலை ஆலையின் கதிர்கள் சிறிது நேரத்தில் இழைத்துத் தள்ளிவிடும். உள்ள துணியை நெருப்பில் போட்டுவிட்டு அதே அளவு கதரை விலை கொடுத்து வாங்கிக்கொள் என்றால் ஏழை எங்கே போவான்? அப்படிச் சொல்லுகிற மனிதர் மேலே சட்டையும், தலையில் குல்லாயும், இடையில் முழுநீள வேஷ்டியும் தரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தால் அந்தச் சொல் எப்படி ஏறும்? பெட்டியில் இருந்தவர்கள் சொன்னது பாதி உண்மையானால், நான்கு விரற்கடை அகலமுள்ள கோவணத்தோடு வெளியே வயலில் நின்ற கோடிக்கணக்கானவர்களின் உடம்பு மீதி உண்மையைச் சொல்லிற்று. ஆகவே அவர் கண்ட வழி: வாங்க முடியாதவன் குறைத்து உடுத்தட்டும், குறைத்து உடுத்துவது கேவலமன்று, அதை முதலில் செய்து காட்ட வேண்டியவன் தான்.

மதுரையில் அவர் தங்கியது மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடி. செப்டம்பர் 22-ஆம் தேதி காலை அம்மாடியிலிருந்து இறங்கி வந்தபொழுது அவர் இடையில் முழங்காலளவு துண்டு ஒன்றே இருந்தது. உடன் இருந்த ராஜாஜிக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. அக்டோபர் 31-ஆம் தேதி வரையிலாவது இவ்வாறு இருப்பது என்பதே மகாத்மா முதலில் வெளியிட்ட சங்கற்பம். ஆனால் அது 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி வரை நீடித்தது. அரைநிர்வாணப் பக்கிரி என்று சர்ச்சில் துரை 1931-இல் எள்ளி நகையாடியதும், அதே வருஷம் லண்டன் அரண்மனைக்குள் சக்கரவர்த்தியின் எதிரில் அவர் சென்றதும் இந்த உடையோடுதான். இதற்கு முன்பும் இரண்டொரு தடவை, குறிப்பாகக் குல்னா ஜில்லாப் பஞ்சத்தை ஒட்டி, இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியிருந்தது. தோன்றிய எண்ணத்தைத் தீர்மானமாக்கியது மதுரை ரெயிலில் நடந்த சம்பாஷணையே.

அந்தப் பிரயாணிகளின் பெயரைச் சரித்திரம் குறித்துவைக்கவில்லை. அவர்கள் தத்தம் ஸ்டேஷனில் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். தேசபக்தர்கள் என்று அவர்களைச் சொல்ல இயலாது. கதரை மறுத்தவர்கள் அவர்கள்! ஆயினும், மேடையில் மாலை போட்டவர்கள் அனைவரும் சேர்ந்து சொல்லாத ஒன்றை அவர்கள் நேருக்கு நேர் சொன்னார்கள். கேட்பவரும் ஒருவர் அங்கே இருந்தார்.

அவர் அங்கே இருந்தது தற்செயலாக நேர்ந்ததன்று என்பதை நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 1902-இல் கல்கத்தாவிலிருந்து ராஜகோட்டுக்குத் திரும்பும்பொழுதே, மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் கஷ்டத்தைத் தாமே அநுபவித்து அறிய வேண்டுமென்று மூன்றாம் வகுப்பில் ஏறியவர் அவர். கோகலே முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். பின்னர், பூரியும் இனிப்பும் நிரப்பிய ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, ஹௌரா ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார். முதல் வகுப்பில் போவதாயிருந்தால் தாம் வந்திருக்கப்போவதில்லை என்பது கோகலே சொன்ன காரணம். பெரியோர் பெரியோரே.

1915-இல் தாயகம் திரும்பிய பின் மகாத்மா இதை ஒரு விரதமாகவே கொண்டார். இரண்டரை வருஷங்களில் கால்பங்குக்கு மேற்பட்ட காலத்தைத் தாம் மூன்றாம் வகுப்பு வண்டியிலேயே கழித்ததாக 1917 செப்டம்பர் 25-ஆம் தேதியிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கூறுகிறார். வடக்கே லாகூர் முதல் தெற்கே நமது தரங்கம்பாடி வரையில் சுற்றியிருக்கிறார். அக்கடிதத்தில் பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பிரயாணம் ஒன்று வருணிக்கப்படுகிறது. சீட்டின் விலை 13 ரூபாய் 9 அணா. இருபத்திரண்டு பேருக்கு என்று எழுதியிருந்த பெட்டி அது. இருபத்திரண்டு பேரும் உட்காரலாமேயன்றிப் படுக்க முடியாது. வழியிலோ இரண்டு இரவுகள். ராயச்சூர் வந்ததும் நெருக்கடி தாங்கமுடியாததாயிற்று. கார்டுகள் வந்ததெல்லாம் இன்னும் சிலரை உள்ளே தள்ளுவதற்கே. மேமன் வியாபாரி ஒருவர், தமக்கு இது ஐந்தாம் இரவு என்று சொல்லி ஆட்சேபித்தார். கார்டு அவரை அவமதித்துவிட்டு, வண்டி போய்ச்சேரும் இடத்தில் நிர்வாகத்தினரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளும்படி பதிலளித்தார். பிரயாணம் முழுவதிலும் ஒரு தடவையேனும் பெட்டி பெருக்கப்படவில்லை.

அக்கடிதத்திலும் ஒரு சம்பாஷணை இருக்கிறது. ஸ்டேஷன்களில் ஈ மொய்த்த பண்டங்களை வாங்கித் தின்றவர்களை, இவை எப்படி இருக்கின்றன என்று மகாத்மா கேட்கிறார். அவர்கள் வாய்க்கு வந்தபடி அப்பண்டங்களைத் திட்டுகிறார்கள். ஆனால் என்ன செய்வது, கிடைத்ததைத்தான் தின்ன வேண்டியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். திட்டுவதும், திட்டிவிட்டுத் தின்பதும்! ஒரு ஜாதியாரின் அடிமைத்தனம் எங்கே குடியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ராஜீயப் பிரசங்கமும் நமக்குக் காட்டியதில்லை. கம்பெனிகளைக் கண்டித்த அதே கையால், கண்ட இடத்தில் துப்புகிறவர்களையும், பிறர் முகத்தில் புகை ஊதுகிறவர்களையும் மகாத்மா கண்டிக்கத் தவறவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு சௌகரியமேனும் உண்டா என்பது அக்கடிதத்தின் கேள்வி. அதற்கு அவர் கூறிய பரிகாரம் கமிஷன் அன்று. வைஸ்ராய், சேனாதிபதி, ராஜாக்கள், சட்டசபை அங்கத்தினர் ஆகிய எல்லோரும் முன்னறிவிப்பு இல்லாமல் அவ்வப்பொழுது மூன்றாம் வகுப்பில் ஏறிப் பார்க்கட்டும் என்பதே. வைஸ்ராய் ஏறவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. அதன் பின்னர் எவ்வளவோ மாறுதல்கள் நிகழ்ந்துவிட்டன. தேசம் சுதந்திரம் அடைந்தது. ரெயில்வேக்கள் ஜனங்களின் சொத்தாயின. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே எடுபட்டு, அது இரண்டாம் வகுப்பாயிற்று. பெயரை மாற்றியதால் பலகை மெத்தென்று ஆகிவிடவில்லை. அதற்கு மது தண்டவதே மந்திரியாக வரவேண்டியிருந்தது. 1977-க்குப் பின் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை போடச் செய்தவர் அவர். அவ்வருஷம் டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே விடப்பட்ட கீதாஞ்சலி வண்டியில் அப்பொழுது வகுப்புப் பேதமே இருக்கவில்லை. ஏழைப் பிரயாணியின் முதுகு நோகும் என்பதை நினைத்த ஒரு மந்திரியை இன்றும் ஜனங்கள் மறக்கவில்லை என்றால், அப்படி நினைப்பவர்கள் எவ்வளவு அருமையாக வாய்க்கிறார்கள் என்பது விளங்கும்.

இன்று அந்தப் பழைய மூன்றாம் வகுப்பின் வாரிசு முன்பதிவில்லாத பொதுப்பெட்டியே. ஏறத்தாழ நூறு பேர் உட்காரக்கூடிய பெட்டியில் எத்தனை பேர் பிரயாணம் செய்கிறார்கள் என்பதைத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள். 2019-இல் தொடங்கிய வந்தே பாரத் வண்டிகளில் இப்பெட்டிக்கு இடமே இல்லை. நியாயமாகப் பேசுவதானால், குளிர்சாதன வசதியில்லாத அம்ரித் பாரத் வண்டிகள் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டதையும், பொதுப்பெட்டிகளைப் பெருக்கப்போவதாக ரெயில்வே மந்திரி 2024-இல் அறிவித்ததையும் சொல்லவேண்டும். அவற்றை வரவேற்கிறோம். ஆனால் 1924 முதல் தனியாக நடந்துவந்த ரெயில்வே பட்ஜெட் 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. வருஷத்தில் ஒரு தடவையாவது சாதாரணப் பிரயாணியின் பெயர் சபையில் நாள் முழுதும் அடிபடும் சந்தர்ப்பம் அத்துடன் போயிற்று. பார்லிமெண்ட் அங்கத்தினர்களுக்கோ குளிர்சாதன முதல் வகுப்பில் இலவசமாகச் செல்லும் பாஸ் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஆகாய மார்க்கமாகவே செல்கிறார்கள். அங்கே பக்கத்தில் உட்காருபவர் அநேகமாக இன்னொரு கனவானாகவே இருப்பார்.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். அண்மையில் நாம் கேட்ட ஒன்றைச் சொல்லுகிறோம்.

சென்ற கோடையில் ஒரு வேலையாக வெளியூர் சென்று, பொதுப்பெட்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே, செங்கற்சூளையில் அவ்வருஷத்து வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் ஓர் அம்மாள், இடுப்பில் ஒரு குழந்தையும் காலடியில் பாத்திர மூட்டையுமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார். கணவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். பொதுப்பெட்டிகளை அதிகமாக்கப் போகிறார்களாம் என்று பேச்சைத் தொடங்கினோம். அவர் அதில் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை.

“பெட்டி எத்தனை வேணா போடட்டுங்க ஐயா. எங்கே வந்து நிக்கும்னு முன்னாடியே சொன்னாப் போதும்” என்றார்.

நமக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். பொதுப்பெட்டிகள் வண்டியின் முன்கோடியில் சில, பின்கோடியில் சில இருக்கும். எந்தக் கோடியில் எத்தனை என்பது வண்டிக்கு வண்டி வேறு. மற்றப் பெட்டிகள் நிற்கும் இடத்தை மின்விளக்குப் பலகை காட்டுகிறது. அவர்கள் ஏறும் ஊரில் அந்தப் பலகை கோடிவரையில் இல்லை. கூரையும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. “நடுப்பெட்டிக்காரங்களுக்குக் கூரை இருக்குது. எங்க பெட்டி நிக்கிற இடம் வெயிலுதான். மழை வந்தா மழைதான்” என்றார். வண்டி அங்கே நிற்பது இரண்டு நிமிஷம். பின்கோடியில் நின்றுகொண்டிருப்பவர்கள், அங்கே உள்ள பெட்டி நிறைந்திருந்தால், முன்கோடிக்கு ஓடவேண்டும். இருபத்திரண்டு பெட்டிகள் கொண்ட வண்டி அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். முந்திய வருஷம் அப்படி ஓடியதில் கணவர் ஏறிவிட்டாராம், இவர் ஏறவில்லை. சீட்டுகள் இரண்டும் கணவர் சட்டைப்பையில், கைப்பேசியும் அவரிடமே. குழந்தையோடு அடுத்த வண்டி வரும்வரை ஆறு மணிநேரம் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அபராதம் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கூரை உள்ள இடத்துக்கு நகரவே இல்லையாம்.

“யாரிடமாவது புகார் சொன்னீர்களா, அம்மா?” என்று கேட்டோம். “யார்கிட்டங்க?” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அறிய விரும்பிக் கேட்டதுபோலவே இருந்தது. சற்றுப் பொறுத்து, “நீங்க ஏன் ஐயா இதுல வர்றீங்க? அந்தப் பெட்டியில இடம் கிடைக்கலையா?” என்றார். கிடைக்கவில்லைதான் என்றோம். “அதானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்கு முறுக்கு ஒன்றை உடைத்துக் கொடுத்தார்.

பொதுப்பெட்டிகள் போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன, நாமும் எழுதியிருக்கிறோம். ஆனால் பெட்டி நிற்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவதே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடும் என்பது பெட்டிக்குள் உட்கார்ந்து கேட்டால் ஒழியத் தெரியாது. ரெயில்வே அதிகாரிகள் கல் நெஞ்சர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுடைய பெட்டி எப்பொழுதும் கூரைக்குக் கீழே வந்து நிற்கிறது. கூரைக்குக் கீழே இறங்குபவருக்குக் கூரை எங்கே முடிகிறது என்பதைப் பார்க்கவேண்டிய அவசியம் நேருவதில்லை. விஷயம் அவ்வளவே.

இக்காலத்தில் அபிப்பிராயம் அறிவதற்கு வேறு நல்ல வழிகள் உள்ளனவே, கைப்பேசியிலேயே புகார் செய்யலாமே, பிரயாணிகளின் திருப்தியை அளக்கும் சர்வேக்கள் நடக்கின்றனவே என்று சிலர் சொல்லக்கூடும். சர்வே, தான் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் பெறும். வண்டி சுத்தமாக இருந்ததா, நேரத்துக்கு வந்ததா, உணவு ருசியாக இருந்ததா என்று அது கேட்கும். கேள்வியைத் தயாரித்தவர் எந்தப் பெட்டியில் பிரயாணம் செய்கிறாரோ அந்தப் பெட்டியின் கேள்விகளே அதில் இருக்கும். 1921-இல் மதுரை வண்டியில் இருந்தவர்களிடம் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்து, கதரை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டிருந்தால், ஆம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சீமைத் துணியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். முகம் பார்த்துப் பேசியதனால்தான் விலையைப் பற்றிய பேச்சு வந்தது.

பந்தோபஸ்து ஒரு தடை என்று இரண்டாவதாகச் சொல்லுவார்கள். பிரதம மந்திரி, முதல் மந்திரி போன்றவர்கள் விஷயத்தில் அதை ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் ஏறினால் பாதிப் பிரயாணிகளை இறக்கிவிட வேண்டியிருக்கும், அது உபகாரமாகாது. ஆனால் பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் உள்ள ஏனைய அங்கத்தினர்கள், கோட்ட மானேஜர்கள், காரியதரிசிகள் ஆகியோரில் எத்தனை பேரின் முகம் ஜனங்களுக்குத் தெரியும்? அவர்கள் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினால் நகர்ந்து இடங்கொடுக்கக்கூட ஒருவரும் முன்வரமாட்டார்கள். அதுவே வேண்டுவது.

படம் பிடிப்பவர்களோடு ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டி முந்தின நாளே கழுவப்பட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் மாலையோடு நிற்க, இரண்டு ஸ்டேஷன் தூரம் சென்று இறங்கிக் கொள்ளும் வைபவங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிரயாணம் என்று பெயரில்லை. மகாத்மா கேட்டது முன்னறிவிப்பில்லாத பிரயாணம். நாம் கேட்பதும் அதுவே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரவு ஒன்றேனும் கழியும் தூரத்துக்கு, தம் கைக்காசில் சீட்டு வாங்கி, பொதுப்பெட்டியில் செல்லவேண்டும். கேட்டதை எழுதிச் சபையின் முன் வைக்கவேண்டும். ரெயில்வே விவகாரங்களைப் பரிசீலிக்கும் பார்லிமெண்ட் கமிட்டியின் அங்கத்தினர்களாவது இதைத் தங்களுக்கு ஒரு நியமமாக வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டம் தேவையில்லை; செலவும் அற்பமே.

அந்த அம்மாள் சொன்ன குறைக்குப் பரிகாரம் செய்ய அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுப்பெட்டிகள் எங்கே நிற்கும் என்பதை மற்றப் பெட்டிகளைப்போலவே ஒலிபெருக்கியிலும் பலகையிலும் முன்கூட்டி அறிவிக்கலாம். கூரையையும் குடிநீர்க் குழாயையும் பிளாட்பாரத்தின் இரு கோடிகளுக்கும் நீட்டலாம். ஸ்டேஷன்களைப் புதுப்பிப்பதற்குப் பெருந்தொகை செலவிடப்படும் இக்காலத்தில், முகப்புக் கோபுரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும். ஒன்றிரண்டு பொதுப்பெட்டிகளை வண்டியின் நடுவிலேயே கோப்பதற்கு என்ன தடை என்பதையும் அதிகாரிகள் விளக்கவேண்டும். முன்பதிவுப் பெட்டிகளில் கூட்டம் நுழைந்துவிடும் என்பதுதான் விடை என்றால், அந்த விடையையே பகிரங்கமாகச் சொல்லட்டும். யாரைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்பது ஜனங்களுக்குத் தெரியவரும்.

பிரயாணிகளாகிய நாமும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முன்பதிவுப் பெட்டிகளில் இப்பொழுது நிலவும் மௌனம் வியப்பைத் தருகிறது. எதிரெதிரே எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டுப் பேர் காதிலும் கருவி. சென்னையில் ஏறி நெல்லையில் இறங்கும் வரையில் பக்கத்திலிருப்பவரின் குரலைக்கூடக் கேளாமல் வந்துவிடலாம். முன்பெல்லாம் கட்டுச்சோற்றை அவிழ்த்தால் எதிரே இருப்பவருக்கு ஒரு கவளம் நீட்டாமல் உண்ண மாட்டார்கள். மறுக்கவும் அவருக்கு மனம் வராது. சாப்பாட்டோடு சாதி விசாரணையும் வரும் என்பது அதன் குற்றம். அக்குற்றம் திரும்ப வரவேண்டாம். கவளத்தையும் பேச்சையும் மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். பொதுப்பெட்டியில் இன்னும் பேச்சு இருக்கிறது. இடம் போதாத இடத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் காலை நீட்டக்கூட முடியாதல்லவா?

மகாத்மா உடை களைந்த மேலமாசி வீதி வீட்டின் கீழ்ப்பகுதியில் கதர்க்கடை நடந்து வருகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 22-ஆம் தேதி பிரமுகர்கள் பலர் அங்கே சென்று மாலையணிவிக்கிறார்கள். அவர்களில் எவரேனும் இவ்வருஷம் சென்னையிலிருந்து செல்ல உத்தேசித்திருந்தால், மதுரைக்குப் பகலில் செல்லும் வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 1977 முதல் ஓடும் வண்டி. தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொதுப்பெட்டிக்கு முன்பதிவு செய்ய வேண்டியதில்லை. எந்தக் கோடியில் நிற்கும் என்பதை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம்.